பேட்டரிக்குத் தகப்பன் பெயர்

பரளச்சி மரியராஜ் வீட்டு ரேடியோவின் பேட்டரி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேகால் மணிக்கு உயிரை விட்டது. சாவதற்கு அது வேறு நேரம் பார்த்திருக்கலாம்.

எட்டுக் குறுக்கம் கரிசல் நிலத்தில் பருத்தியும் மல்லியும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் மரியராஜ். ரேடியோ வாங்குகிற வசதி அவருக்கு ஏது? பட்டாளத்தில் லாரி ஓட்டப்போன மகன் அருளப்பன், மதுரையில் ஒரு துரை ஊரைக் காலி செய்தபோது தள்ளிவிட்ட பெட்டியை வாங்கிக்கொண்டுவந்து வைத்துவிட்டு மலேயாவுக்குக் கப்பலேறினான். சிங்கப்பூர் விழுந்தது. அதோடு அவனிடமிருந்து வந்த கடுதாசியும் நின்றது. ஒன்றரை வருஷம் ஆயிற்று. மரியராஜ் எழுதிய ஐந்து மனுக்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு அச்சடித்த அட்டை வந்தது. ‘விசாரிக்கப்படுகிறது’ என்று அதில் இருந்தது.

மிச்சம் இருந்த ஒரே வழி ரேடியோதான். செவ்வாயும் வெள்ளியும் ஆறேகாலுக்கு, காணாமல்போன பட்டாளத்துக்காரர்களில் யார் யாரைப் பற்றித் துப்புக் கிடைத்ததோ அவர்கள் பெயரை வாசித்தார்கள். அதில் இரண்டு பட்டியல் உண்டு. எதிரியிடம் கைதியாக உயிரோடு இருப்பவர்கள் ஒரு பட்டியல், இறந்துபோனவர்கள் இன்னொன்று. எது முதலில் வரும் என்று நிச்சயம் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை வாசித்ததையே அடுத்த செவ்வாயும் அதற்கடுத்த வெள்ளியும் திருப்பி வாசிப்பார்கள். அவ்வளவுதான், பிறகு புதுப் பெயர்கள்.

அன்றைக்குக் குரல் ஆரம்பத்திலேயே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் வந்தது. மரியராஜ் பெட்டியின் ஒரு பக்கமும் அவர் மனைவி தெரசாள் மறுபக்கமுமாகக் காதை ஒட்டிவைத்துக்கொண்டு இருந்தார்கள். “அருள…” என்று ஏதோ கேட்டது. அப்புறம் ஈ பறக்கிற சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

“அருளப்பன்னுதான் சொன்னாக” என்றாள் தெரசாள்.

“அருளானந்தமா இருக்கும். அருணாசலமாக்கூட இருக்கும்.”

“இல்லங்க. எம் புள்ள பேரு எனக்குத் தெரியாதா?”

“சரி, அவன் பேருதான்னே வச்சுக்க. எந்தப் பட்டியல்ல சொன்னாக?”

அந்த வீட்டில் அன்றைக்கு உலை வைக்கவில்லை.

பரளச்சியில் வேறு ரேடியோ கிடையாது. சுற்றுவட்டாரத்திலும் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்னால் இருந்தன. அருப்புக்கோட்டைப் பூங்காவில் ஒன்று, பந்தல்குடி லாரி ஷெட்டில் ஒன்று, திருச்சுழி வக்கீல் வீட்டில் ஒன்று என்று பத்தொன்பது பெட்டிகள் பேசிக்கொண்டுதான் இருந்தன. அதற்குப் பிறகுதான் போர்க்காலப் பாழ்பொருள் மீட்பு ஆபீஸ் வந்தது. பெயர் நீளமாக இருந்ததால் ஜனங்கள் அதைச் சுருக்கிப் பாழாபீஸ் என்றார்கள்.

ஆபீஸின் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. வீடுகளில் செத்துக் கிடக்கும் பேட்டரி, டார்ச் செல், பீஸ்போன பல்பு, செம்புக் கம்பி, ரேடியோ வால்வு எல்லாவற்றையும் வாங்க வேண்டியது. அதிலிருந்து துத்தநாகம், செம்பு, பித்தளை எல்லாம் பிரித்து யுத்தத்துக்கு அனுப்ப வேண்டியது. பழையதைக் கொடுத்தவர்களுக்குப் புதியது கொடுக்க வேண்டியது. வாங்குவது நடந்தது; பேட்டரி செத்த பத்தொன்பது ரேடியோக்களும் ஒவ்வொன்றாக ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தன. பிரிப்பதற்கு மிஷின் வரவில்லை. அனுப்புவதற்கு ரயில் வண்டி ஒதுக்கவில்லை. ஆனால் ரிஜிஸ்டர்கள் வந்து சேர்ந்துவிட்டன. அவற்றை வைத்துக்கொண்டு ஆபீஸ் குறைவில்லாமல் நடந்தது.

சனிக்கிழமை மரியராஜ் செத்த பேட்டரியைத் துண்டில் கட்டிக்கொண்டு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரிப் புகையில் ஓடிய பஸ்ஸில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனார். ஏற்றம் வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினார்.

ஆபீஸ் வராந்தாவில் கண்ணாடி போட்ட பீரோ ஒன்று இருந்தது. அதற்குள் காகிதம் பிரிக்காத புது ரேடியோ பேட்டரிகள் செங்கல் அடுக்கியதுபோல மேல்மட்டம் வரைக்கும் அடுக்கியிருந்தன. மரியராஜுக்குப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. பீரோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா அருஞ்சுனையிடம் போய்த் துண்டை அவிழ்த்தார்.

“பேட்டரி செத்துப்போச்சுங்க. மாத்திக் குடுக்கணும்.”

“செத்துப்போச்சுன்னு யாரு சொன்னது?”

“நாந்தாங்க. பேசலை.”

“பேசாததெல்லாம் செத்ததுன்னா இந்த ஆபீசுல பாதிப் பேரு…” என்று ஆரம்பித்த அருஞ்சுனை, உள்ளே ஆபீசர் அறைக் கதவு லேசாகத் திறந்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குரலை மாற்றிக்கொண்டு, “மரணச் சான்று வேணும்” என்றார்.

“யாருக்குங்க?”

“பேட்டரிக்கு.”

படிவத்தை எடுத்தார். யுத்த நெருக்கடியில் புதிதாக அச்சடிக்கக் காகிதம் இல்லாததால், ஜனன மரணப் பதிவுக்கு வைத்திருந்த படிவத்தையே பாழாபீஸும் உபயோகித்துவந்தது. சிக்கனம் ஆபீஸின் முதல் கொள்கை. அருஞ்சுனை பேனாவை மையில் தொட்டு வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“இறந்தவர் பெயர், பேட்டரி. ஆணா பெண்ணா? அடிச்சுடுவோம். வயசு?”

“மூணு இருக்கும்.”

“ஊரு பரளச்சி. தகப்பன் பெயர்?”

“பேட்டரிக்கா?”

“காலியா விட்டா ஆபீசர் திருப்பி அனுப்பிருவாக. ஒங்க பேரச் சொல்லுங்க.”

“மரியராஜ்.”

“இறந்தவரின் தகப்பன் பெயர், மரியராஜ்” என்று அருஞ்சுனை எழுதினார்.

மரியராஜ் மேஜையைப் பிடித்துக்கொண்டார். “அய்யா, அத மட்டும் அடிச்சிருங்க. அப்படி எழுதாதீக” என்றார்.

“எழுதுன பேர அடிச்சா படிவம் செல்லாது. வேற படிவம் அடுத்த மாசந்தான் வரும்” என்றார் அருஞ்சுனை. கீழே ‘அடக்கமா, தகனமா’ என்ற இடம் மட்டும் பாக்கி இருந்தது. “இது சோதனைக்கு அப்புறம். பெட்டியக் கொண்டாங்க. அதுல மாட்டி, சத்தம் வரலைன்னு ஆபீசர் கண்ணால பாக்கணும்.”

“இங்கதான் பத்தொம்பது பெட்டி இருக்குன்னாக?”

“அதெல்லாம் செத்த பெட்டி. செத்ததுல செத்ததப் போட்டு எப்படிச் சோதிக்கிறது?”

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இல்லை. திங்கட்கிழமை காலையில் ரேடியோவைத் தெரசாளின் கண்டாங்கிச் சேலையில் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். மறுநாள் செவ்வாய். இன்னும் இரண்டே தடவைதான் வாசிப்பார்கள் என்பதைத் தவிர அவர் மனசில் வேறு எதுவும் ஓடவில்லை.

ஸ்பெஷல் ஆபீசர் கஸ்தூரிசாமி, சோதனையை எழுந்து நின்று நடத்தினார். அவர் எதையுமே எழுந்து நின்றுதான் நடத்துவார்; யுத்த காலத்தில் உட்காருவது அவருக்குப் பிடிக்காது. செத்த பேட்டரியைப் பெட்டியில் மாட்டினார்கள். பியூன் மொக்கையன் குமிழைத் திருகினான். ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிஷம் மௌனமாக நின்றார். குமாஸ்தாவும் பியூனும் தலை குனிந்து நின்றார்கள். மரியராஜும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

“ஒலி இல்லை” என்றார் ஆபீசர்.

“இல்லை” என்று அருஞ்சுனை எழுதினார்.

“அப்ப புதுப் பேட்டரி குடுத்துருவீகளா எசமான்?” என்றார் மரியராஜ்.

ஆபீசர் அவரைக் கருணையோடு பார்த்தார். “பெரியவரே, அவசரப்படக் கூடாது. ஒலி இல்லை என்பதுதான் நிரூபணமாகியிருக்கிறது. குற்றம் பேட்டரியுடையதா, பெட்டியுடையதா? அது நிரூபணமாகவில்லை.”

“புதுப் பேட்டரி ஒண்ணப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சுரும்ல எசமான்.”

“தெரிந்துவிடும். ஆனால் புதுப் பேட்டரியை யாருக்காகப் பிரிக்கலாம்? பழைய பேட்டரி இறந்ததாகச் சான்று பெற்றவருக்காக. உமக்குச் சான்று எப்போது கிடைக்கும்? பெட்டி உயிரோடு இருப்பது நிரூபணமான பிறகு. பெட்டி உயிரோடு இருப்பதை எப்படி நிரூபிப்பது? புதுப் பேட்டரி போட்டு.” கொஞ்சம் நிறுத்தி, தான் சொன்னதைத் தானே ரசித்தார். “எட்டு மாதமாக இந்த ஆபீஸிலிருந்து ஒரு புதுப் பேட்டரிகூட வெளியே போனதில்லை. இந்த ராஜதானியிலேயே இவ்வளவு சிக்கனமான ஆபீஸ் வேறு இல்லை என்று மேலிடத்திலிருந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள்.”

“எம் மகன் பேர வாசிக்கிறாக எசமான். நாளைக்கு ஒண்ணு, வெள்ளிக்கிழமை ஒண்ணு. இருக்கானா இல்லையான்னு…”

“உம்முடைய மகனுக்காகத்தானே இந்த ஆபீஸே நடக்கிறது!” என்று கஸ்தூரிசாமி உணர்ச்சியோடு சொன்னார். “உம்மைப் போன்றவர்கள் புதுப் பேட்டரியை வீணாக்காமல் இருந்தால்தான் அவன் சீக்கிரம் திரும்புவான்.”

எதில் குற்றம் என்று தெரியாததால் பேட்டரிக்கும் பெட்டிக்கும் சேர்த்தே மரணச் சான்று எழுதினார்கள்; செத்த பெட்டிக்குப் புதுப் பேட்டரி கிடையாது. பேட்டரியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். பெட்டியை வாங்க வேறு ரிஜிஸ்டர் வேண்டும், அது ஆபீசரோடு சுற்றுப்பயணத்தில் போகும் ரிஜிஸ்டர், ஆகையால் மூன்று நாளில் ஆள் வந்து எடுத்துக்கொள்ளும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

மரியராஜ் பஸ் நிலையத்தில் பெட்டியோடு குந்தினார். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. பக்கத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவன்தான், “வீரசோழன்ல நாகூர்கனின்னு ஒருத்தர் இருக்காரு. செத்த டார்ச்ச எரிய வச்சுருவாரு. ஒரு எட்டு போய்ப் பாருங்க” என்றான்.

நாகூர்கனி ஒரு காலத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர். இப்போது பெட்ரோமாக்ஸ், டார்ச், பூட்டு எல்லாம் பழுது பார்த்தார். மரியராஜ் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் எந்தப் படிவத்தையும் எடுக்கவில்லை. ஒரு சாக்கை இழுத்து வாயை அவிழ்த்தார். உள்ளே முழுக்கச் செத்த டார்ச் செல்கள்.

“ஏது பாய் இவ்வளவு?”

“பாழாபீசுக்குப் பின்னாடி ஓடையில கொட்டிக் கெடக்குது மச்சான். வாங்குறாக, எழுதுறாக, வைக்க எடமில்லேன்னு ஓடையில தட்டுறாக. இது சாகலை. உள்ள ஈரம் காஞ்சுபோச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணி காட்டுனா எந்திரிச்சு உக்காந்துக்கிரும்.”

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து இரண்டு பேரும் அதே வேலையாக இருந்தார்கள். ஒவ்வொரு செல்லின் தலையிலும் ஆணியால் துளை போட்டு, நவச்சாரம் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெயிலில் நிறுத்தி, மெழுகை உருக்கி அடைத்தார்கள். நூற்றுக்கு மேல் செய்ததில் அறுபது தேறின. அறுபதையும் வரிசையாகக் கம்பியில் கோத்துச் சோப்புப் பெட்டி ஒன்றில் அடுக்கினார் நாகூர்கனி. மரியராஜின் விரல் நுனியெல்லாம் நவச்சாரம் பட்டு வெந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கம்பியைப் பெட்டியில் மாட்டினார்கள். ‘கர்’ என்று ஒரு சத்தம். பிறகு நாதஸ்வரம். தெருவே கேட்கிற மாதிரி, அப்படி ஒரு நாதஸ்வரம்!

மரியராஜ் நாகூர்கனியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தெரு கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. அன்றைக்கு வீரசோழனில்தான் ஆபீசர் சுற்றுப்பயணம். ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கஸ்தூரிசாமி, ரிஜிஸ்டரோடு அருஞ்சுனை, சாக்கோடு மொக்கையன் என்று மூன்று பேரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். ஆபீசர் பெட்டியைப் பார்த்தார். அதன் பக்கவாட்டில் நேற்று அவரே ஒட்டிய மரணச் சீட்டு இருந்தது. பெட்டி நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது.

“இது எப்படிப் பேசும்?” என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“செல்லு போட்டிருக்கோம் எசமான்” என்றார் நாகூர்கனி.

“அதைக் கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்ட பிறகு இது எப்படிப் பேசும்?”

“எசமான், அஞ்சே நிமிசம்” என்று மரியராஜ் கும்பிட்டார். “பேரு வாசிக்கப் போறாக. கேட்டுட்டு நானே தூக்கிக் குடுத்துர்றேன். ஒங்க கால்ல விழுறேன்.”

விழவும் செய்தார். ஆபீசர் பின்னால் நகர்ந்து, நின்றபடியே தெருவுக்குக் கேட்கும்படி பேசினார்: “மகாஜனங்களே! பாழ்பொருள் என்பது சர்க்காரின் சொத்து. அதை ஒரு தனி மனிதன் மறுபடியும் உபயோகித்துவிட்டால், மீட்பதற்கு எங்களுக்கு என்ன மிச்சம் இருக்கும்? எல்லாரும் இவரைப் போலச் செத்ததை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தால் இந்த ஆபீஸ் எதற்கு? பழையதை உபயோகிப்பதுதான் இந்த நாட்டைப் பிடித்த பெரிய வீண்விரயம்!”

மொக்கையன் கம்பியைப் பிடுங்கினான். நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. சோப்புப் பெட்டியும் ரேடியோவும் சாக்குக்குள் போயின. அப்போது மணி ஆறு பதினான்கு.

மரியராஜ் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. எங்கேயோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் தன் மகன் பெயரை இந்த நிமிஷத்தில் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார். இந்தக் காற்றில்தானே அது வருகிறது என்று நினைத்தார். வாயைத் திறந்துகொண்டு, காற்றைக் கேட்பவர் போல உட்கார்ந்திருந்தார். போகும்போது அருஞ்சுனை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைக்கு மதுரைக்கே போய்விடுவது, எவன் வீட்டு வாசலிலாவது நின்று கேட்டுவிடுவது என்று மரியராஜ் முடிவு கட்டினார். வியாழக்கிழமை மொக்கையன் ஒரு கடுதாசியோடு வந்தான். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குத் திருச்சுழி மைதானத்தில் மீட்புத் திருநாள். ரேடியோ நன்கொடையாளர் என்ற முறையில் மரியராஜ் மேடைக்கு வரவேண்டும். வராவிட்டால் யுத்தகாலச் சட்டப்படி நடவடிக்கை. கீழே ஒரு வரி: ‘தங்கள் ரேடியோ புதுப் பேட்டரியில் சபையோருக்குப் பேசிக் காட்டப்படும்.’

அந்தக் கடைசி வரியைத் தெரசாள் நாலு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“எத்தன மணிக்குப் பேசுமாம்?”

“ஆறு மணிக்குன்னு போட்டிருக்கு.”

“அப்ப ஆறேகாலுக்கும் பேசும்ல?”

“பேசும்” என்றார் மரியராஜ். மதுரைக்குப் போகிற யோசனையை விட்டார்கள். இரண்டு பேரும் திருச்சுழிக்குப் போனார்கள்.

மைதானத்தில் பந்தல் போட்டு, தோரணமாகப் பீஸ்போன பல்புகளைக் கட்டியிருந்தார்கள். மேடையில் மூன்று கூடைகள் இருந்தன. ‘செம்பு’, ‘துத்தநாகம்’, ‘கண்ணாடி’ என்று எழுதி ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் மாலை போட்ட அவர்கள் ரேடியோ. பக்கத்தில் ஒரு சம்மட்டி, அதற்கும் மாலை.

நிகழ்ச்சி நிரலைக் கஸ்தூரிசாமியே விளக்கினார். முதலில் ரேடியோ பேசும். ஒரு பொருள் நல்ல நிலையில் மீட்கப்பட்டது என்பதற்கு அது அத்தாட்சி. பிறகு அதை உடைத்து மூன்று கூடைகளில் போடுவார்கள். அது முழுமையாக மீட்கப்பட்டது என்பதற்கு அத்தாட்சி. எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பீரோவைத் திறந்து ஒரு புதுப் பேட்டரியை எடுத்திருந்தார்கள்.

ஆறு மணிக்கு ரேடியோ பேசியது. வெண்கலத்தைத் தட்டியதுபோலக் குரல் கணீரென்று வந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள். விலைவாசி, மழை நிலவரம், தானிய விநியோகம் என்று போயிற்று. மேடையின் ஓரத்து நாற்காலியில் மரியராஜ் முட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்தில் தெரசாள் எழுந்து நின்றே விட்டாள். ஆறேகால் ஆயிற்று. “போர்முனைச் செய்தி. காணாமல்போன வீரர்களில்…” என்று குரல் ஆரம்பித்தது.

ஆபீசர் எட்டிப் குமிழைத் திருகிச் சத்தத்தை அடக்கினார்.

“கேட்டீர்களா மகாஜனங்களே!” என்றார். “போர்முனையில் இருக்கும் நம் பிள்ளைகளின் செய்தியைச் சர்க்கார் எவ்வளவு சிரத்தையாக உங்கள் காதில் கொண்டுவந்து சேர்க்கிறது! ஒவ்வொரு தாயும் ஒவ்வொரு தகப்பனும் தன் பிள்ளையின் பெயரைக் கேட்க வேண்டும் என்பதே இந்த ஆபீஸின்…”

“வைங்கய்யா அத!” என்று பெண்கள் பக்கத்திலிருந்து தெரசாள் கத்தினாள்.

“…இந்த ஆபீஸின் ஆசை. அந்த அம்மாளின் உற்சாகத்தைப் பாராட்டுகிறேன். நான் இந்தப் பொறுப்பை ஏற்றபோது இந்தத் தாலுகாவில் பத்தொன்பது ரேடியோக்கள் கட்டுப்பாடில்லாமல் பேசிக்கொண்டிருந்தன…”

மரியராஜ் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. மேஜைமேல் விழுந்து ரேடியோவை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். மொக்கையன் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தான். அவர் பல்லால் குமிழைக் கவ்வித் திருகினார். குரல் திரும்ப வந்தது. “…ஆறுமுகம், தகப்பனார் பெயர் சுடலைமுத்து, ஊர் கயத்தாறு. அருளப்பன், தகப்பனார் பெயர் மரியராஜ், ஊர் பரளச்சி. பழனியாண்டி, தகப்பனார் பெயர்…”

“எந்தப் பட்டியல்?” என்று மரியராஜ் ரேடியோவைப் பார்த்துக் கேட்டார். “அய்யா, எந்தப் பட்டியல்? சொல்லிட்டு வாசிங்கய்யா!”

சபையோர், நன்கொடை கொடுத்த மனிதர் பிரிய மனமில்லாமல் பெட்டியைக் கட்டிப்பிடித்து அழுகிறார் என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் அடுத்து வந்தது எதுவும் கேட்கவில்லை. நாலு பேர் சேர்ந்து அவரைப் பிய்த்து எடுத்தார்கள். “உணர்ச்சிவசப்பட்ட நமது நன்கொடையாளருக்கு நன்றி” என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரிசாமி சம்மட்டியை ஓங்கினார். ரேடியோ ஒரு பெயரின் பாதியில் உடைந்தது.

மரியராஜும் தெரசாளும் மைதானத்தில் ஒருவர் விடாமல் கேட்டார்கள். வாசிக்க ஆரம்பித்தபோது என்ன சொன்னாக? உசுரோட இருக்கவுகன்னா, இல்லாதவுகன்னா? யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மிட்டாய்க்காரர், “பேரு வந்துச்சுல்ல, சந்தோசமாப் போங்க” என்றார்.

பஸ் போய்விட்டது. நடந்தார்கள். ஊர் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் தெரசாள் மாதா படத்துக்கு விளக்கேற்றப் போனாள். என்னவென்று வேண்டிக்கொண்டு ஏற்றுவது என்று தெரியாமல் தீக்குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அது விரல்வரைக்கும் எரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிவாக்கில், வேர்க்க விறுவிறுக்க ஒரு சைக்கிள் வந்து வீட்டு முன்னால் நின்றது. இறங்கியவர் நாகூர்கனி. ஸ்டாண்டுகூடப் போடவில்லை. சைக்கிள் அப்படியே சாய்ந்து விழுந்தது.

“கைதி மச்சான்! கைதிதான்! உசுரோட இருக்கான்!”

மரியராஜ் வாசலுக்கு ஓடிவந்தார்.

“எங்க ஊரு தானியக் கடை மொதலாளி வீட்ல ஒரு பெட்டிய ஆபீசுக்குத் தெரியாமக் கம்பு கொட்டி வைக்கிற குலுக்கைக்குள்ள போட்டு வச்சிருந்தாக. பேட்டரி இல்லாம ஒரு வருசமாக் கெடந்துச்சு. ஓடையில போயி இன்னும் ரெண்டு சாக்குப் பொறுக்கியாந்து, மூணு நாளு ஒக்காந்து அறுபது செல்லத் தேத்துனேன். நேத்துக் குலுக்கைக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டுக் கேட்டோம். மொதப் பட்டியல், உசுரோட கைதியா இருக்கவுகன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சாக. பன்னெண்டாவது பேரு. அருளப்பன், பரளச்சி. நாங்க நாலு பேரு கேட்டோம். அல்லா மேல ஆணை.”

தெரசாள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். மரியராஜ் உள்ளே போய் ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்தார். நாகூர்கனியின் விரல் நுனிகளும் வெந்து தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். கைதிதான். எந்தத் தீவோ, என்ன சோறோ, எப்போது விடுவார்களோ. ஆனாலும் அன்றைக்கு அந்த வீட்டில் உலை கொதித்தது.

செய்தி ஊரில் பரவியது. ஊரிலிருந்து ஆபீஸுக்கும் போயிற்று. அடுத்த வாரம் அருஞ்சுனை ஒரு நோட்டீஸோடு பரளச்சிக்கு வந்தார். வீட்டு முன்னால் நின்று, ஆபீஸ் குரலில் வாசித்தார்:

“பரளச்சி மரியராஜ் என்பவர், தன் மகன் உயிரோடிருக்கும் செய்தியை, சர்க்காருக்குச் சொந்தமான பாழ்பொருளைத் திருட்டுத்தனமாக உயிர்ப்பித்த பேட்டரி மூலம் பெற்றிருப்பதாகத் தெரியவருகிறது. அவ்வாறு பெறப்பட்ட செய்தி செல்லாது. முறைப்படி செய்தி வரும்வரை மேற்படி மகனின் நிலை ‘விசாரிக்கப்படுகிறது’ என்றே கருதப்பட வேண்டும். மேற்படி செய்தியை ஏழு நாளைக்குள் ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். செய்தியைக் கேட்டுச் சொன்னவர் பெயரையும், கேட்ட பெட்டி இருக்கும் இடத்தையும் தெரிவிக்க வேண்டும்.”

“செய்திய எப்படிங்க ஒப்படைக்கிறது?” என்றார் மரியராஜ்.

“அது நோட்டீசுல போடல.”

“அதக் கொண்டாந்தவரு பேர நான் சொல்ல மாட்டேன். என்னய ஜெயில்ல போட்டாலும் சொல்ல மாட்டேன். போயி ஒங்க ஆபீசர்கிட்டச் சொல்லுங்க.”

அருஞ்சுனை நோட்டீஸை நீட்டினார். மரியராஜ் வாங்கிக்கொண்டார். வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் அருஞ்சுனை போகவில்லை. தெருவை இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற மொக்கையனுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

“அந்த ஆளு இப்பவும் கேக்குறாரா?” என்றார். ஆபீஸ் குரல் போய்விட்டிருந்தது.

மரியராஜ் நோட்டீஸைச் சுருட்டினார்.

“எந் தம்பி ஒருத்தன் பட்டாளத்துல சேந்து ரங்கூன் பக்கம் போனான். ரெண்டு வருசமாச்சு. எங்க அம்மா தெனமும் கேக்குது. ஆபீசுல பத்தொம்பது பெட்டிக்கு நடுவுலதான் நான் ஒக்காந்திருக்கேன். என்னால கேக்க முடியல” என்றார். “பேரச் சொன்னா… அவருகிட்டச் சொல்லுவீகளா?”

மரியராஜ் நோட்டீஸைத் திருப்பி, எழுதாத பக்கத்தைத் தொடையில் வைத்து நீவிவிட்டு, அருஞ்சுனையின் சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குக் கையை நீட்டினார்.

“தம்பி பேரச் சொல்லுங்க” என்றார்.